தடயவியல் மனநல மருத்துவத்துக்குத் தனிப் பயிற்சியும் தனி அங்கீகாரமும் தேவையா?

பொருநை (கேள்வி)

வணக்கம். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மனநல மருத்துவத்தில் எம்.டி. இறுதியாண்டு படித்து வருகிறேன். எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு நீதிமன்ற உத்தரவோடு விசாரணைக் கைதிகள் அடிக்கடி அழைத்து வரப்படுகிறார்கள். உடன் வரும் காவலரின் கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கும். "மேற்படி நபரைப் பரிசோதித்து அவருடைய மனநிலை குறித்துச் சான்று அனுப்பவும்" என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. குற்றம் நடந்த அன்று அவர் எந்த நிலையில் இருந்தார் என்று கேட்கிறார்களா, இன்று தம் வழக்கை எதிர்கொள்ளும் திறன் அவருக்கு உண்டா என்று கேட்கிறார்களா, சிறையில் வைத்தே மருந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார்களா என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு கேள்விகள், மூன்றையும் ஆராயும் முறையும் வேறு. ஆனால் பல நேரங்களில் "நோய்க்குறிகள் உள்ளன, மருந்து உட்கொண்டு வருகிறார்" என்ற ஒரே வகைச் சான்றுதான் திரும்பிப் போகிறது.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னைத் தம் மருத்துவராக நினைத்துத்தான் பேசுகிறார். மனைவியிடமும் வழக்கறிஞரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார். நானோ அவருக்காக அல்ல, நீதிமன்றத்துக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரட்டை நிலையை எப்படிக் கையாள்வது என்று எங்களுக்கு யாரும் முறையாகக் கற்றுத் தரவில்லை. பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, தேர்வில் ஒரு கேள்வி வருகிறது, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தையும் சிறையையும் சார்ந்த இந்த வேலை, அதாவது தடயவியல் மனநல மருத்துவம், சில நாடுகளில் தனித் துறையாகவோ உட்சிறப்புத் துறையாகவோ (ஒரு சிறப்புத் துறைக்குள் அடங்கும் தனிப் பிரிவாகவோ) ஏற்கப்பட்டு, அதற்கென்று பயிற்சிக் காலமும் தேர்வும் இருப்பதாக அறிகிறேன். அங்கே அந்த அங்கீகாரம் எப்படி வந்தது, பயிற்சியில் உண்மையில் என்ன கற்றுத் தருகிறார்கள், பொது மனநல மருத்துவர் ஒருவர் அந்தப் பயிற்சி இல்லாமலே இந்த வேலையைச் செய்ய முடியாதா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். நம் நாட்டிலும் இது முழு உட்சிறப்புத் துறையாக வளர்வது விசாரணைக் கைதிகளுக்கு நன்மை செய்யுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வடகரை

நான் இங்கிலாந்தில் தடயவியல் மனநல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து இங்கே வந்தவன் என்பதால் இரண்டு பக்கத்தையும் ஓரளவு ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

இங்கே இது உட்சிறப்புத் துறை அல்ல, முழுமையான சிறப்புத் துறை. பொது மருத்துவக் கவுன்சில் மனநல மருத்துவத்தில் ஆறு சிறப்புத் துறைகளை அங்கீகரிக்கிறது. பொது மனநலம், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலம், முதியோர் மனநலம், அறிவுசார் குறைபாடு, உளச்சிகிச்சை ஆகியவற்றோடு தடயவியலும் அவற்றில் ஒன்று. போதை மருத்துவமும் மறுவாழ்வு மனநலமும் பொது மனநலத்தின் கீழ் வரும் உட்பிரிவுகளாகவே இருக்கின்றன. தடயவியலுக்கு அவற்றைவிட உயர்ந்த தகுதி கிடைத்ததற்குக் காரணம் அதன் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறுதான் உங்கள் கேள்விக்கும் பெரும்பகுதி விடை.

1863இல் பிராட்மூர் என்ற உச்சப் பாதுகாப்பு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு, குற்றம் செய்த மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்க உச்சப் பாதுகாப்பு மருத்துவமனை ஒரு முனையிலும், சாதாரண மனநல மருத்துவமனை மறுமுனையிலும் இருந்தன. 1950களிலும் 60களிலும் சாதாரண மருத்துவமனைகள் தங்கள் வார்டுக் கதவுகளைத் திறந்துவிட்டன. நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஓரளவு பாதுகாப்போடு வைத்துச் சிகிச்சை தர வேண்டியவர்களுக்கு இடையில் இடமே இல்லாமல் போயிற்று. அவர்கள் சிறையில் சேர்ந்தார்கள், அல்லது பிராட்மூரில் தேவைக்கு மேல் பல ஆண்டுகள் கிடந்தார்கள். இந்த நிலையில்தான் கிரஹாம் யங் வழக்கு வந்தது. குடும்பத்தினருக்கு நஞ்சு கொடுத்ததற்காக 1962இல் பதினான்கு வயதில் பிராட்மூருக்கு அனுப்பப்பட்ட அவர், 1971இல் வெளியே விடப்பட்டு, வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் சக ஊழியர்களுக்கு நஞ்சு கொடுத்து இருவரைக் கொன்றார். அவருக்கு 1972இல் தண்டனை விதிக்கப்பட்டதை அடுத்து பட்லர் பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு தன் இறுதி அறிக்கைக்குக் காத்திராமல் 1974லேயே இடைக்கால அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் நடுத்தரப் பாதுகாப்புள்ள மருத்துவப் பிரிவு உடனடியாக வேண்டும் என்று கேட்டது.

அந்தப் பிரிவுகள் கட்டப்பட்ட பிறகு அவற்றை நடத்த மருத்துவர்கள் வேண்டியிருந்தது, அவர்களுக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் பாடத்திட்டமும் மேற்பார்வையாளர்களும் பிறகு வந்தார்கள். படுக்கையும் வார்டும் வந்த பின்னரே இந்தத் துறை வேரூன்றியது என்பதை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சான்றிதழை முதலில் உருவாக்கிவிட்டு வேலையைப் பின்னால் தேடியிருந்தால் இந்தத் துறை இவ்வளவு உறுதியாக நின்றிருக்காது என்பது என் திடமான கருத்து.

பயிற்சி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சி, பின்னர் மூன்றாண்டு மனநல மருத்துவ மையப் பயிற்சியும் அதனோடு எம்.ஆர்.சி.சைக். (மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி உறுப்பினர்) தேர்வுகளும், அதன்பின் தடயவியலில் மூன்றாண்டு உயர்நிலைப் பயிற்சி. இந்தக் கடைசி மூன்றாண்டில் பாதுகாப்பு வார்டு, சிறைக்குள் நடக்கும் மனநலப் பிரிவு, நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் வேலை செய்ய வேண்டும். நான் எழுதிய தொடக்ககால அறிக்கைகளை என் மேற்பார்வையாளர் வரிக்கு வரி படித்து, "இது நீங்கள் நேரில் கண்டதா, அவர் சொன்னதா, காவல்துறை ஆவணத்தில் இருந்ததா?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தருவார். எந்தப் புத்தகமும் தராத பயிற்சி அது. இன்றும் அறிக்கை எழுதும்போது அந்த மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாகவே எழுதுகிறேன்.

இரட்டை நிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே பயிற்சியில் இருப்பவர் அனைவரும் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. ஐந்து பேரைக் கொன்று மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த ஒருவர் விடுதலை கோரியபோது, அவருடைய வழக்கறிஞர்களே எக்டெல் என்ற மனநல மருத்துவரிடம் அறிக்கை கேட்டார்கள். வெடிபொருள்களில் அவருக்கு இருந்த நாட்டம் குறித்து அந்த அறிக்கை கவலை தெரிவித்தது. வழக்கறிஞர்கள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அறிக்கை யார் கண்ணிலும் படாமல் போகவிருந்தது. மருத்துவர் அதை மருத்துவமனைக்கும் உள்துறைக்கும் கிடைக்கச் செய்தார். நம்பிக்கையை மீறினார் என்று நோயாளி வழக்குத் தொடுத்தார். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரகசியம் காக்கும் கடமை உண்டு, ஆனால் பிறருக்கு உண்மையான ஆபத்து இருக்கும்போது பொதுநலன் அதை விஞ்சும் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய இடத்தில் முடிவெடுக்கும் மனத்தெளிவு, மூத்தவர்களோடு பல வழக்குகளைப் பேசிப் பேசித்தான் வருகிறது.

இந்தியாவில் எம்.டி. முடித்தவர் இங்கே சிறப்பு மருத்துவராகப் பதிவு பெற, தம் அறிவையும் திறனையும் அனுபவத்தையும் ஆவணங்களால் நிறுவும் போர்ட்ஃபோலியோ வழி இருக்கிறது. தடயவியலில் அதை நிறைவேற்றுவது எளிதல்ல. பாதுகாப்பு வார்டில் பொறுப்பேற்று வேலை செய்த சான்று வேண்டும், அது இங்கே வந்து பணியாற்றாமல் பெரும்பாலும் கிடைக்காது.

சாட்சிக்கூண்டு

நான் மதுரைப் பக்கம் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். மருத்துவர்கள் பேசும்போது குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆனால் சான்றிதழைப் பயன்படுத்துகிறவர்கள் நாங்கள் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர் பொருநை கேட்ட மூன்று கேள்விகளும் சட்டத்தில் மூன்று தனித்தனி இடங்களில் இருக்கின்றன. செயலைச் செய்த நேரத்தில் அதன் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத அளவுக்குச் சித்தசுவாதீனமற்று இருந்தாரா என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. இன்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தம் தரப்பை எடுத்துச் சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்பது குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் 328, 329 பிரிவுகளில் இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகளில் இருக்கிறது. சிறையில் உள்ளவருக்குச் சிகிச்சை என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு. நீதிமன்றக் கடிதம் இவற்றில் எதைக் கேட்கிறது என்று தெளிவாக இல்லாவிட்டால், எந்தப் பிரிவின் கீழ் கருத்து தேவை என்று கேட்டுத் திருப்பி எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி எழுதும் மருத்துவரை நீதிபதிகள் மதிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அங்கீகாரம் பற்றிய கேள்விக்கும் சட்டத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. எதிரியின் மனநிலையில் ஐயம் எழுந்தால் நடுவர் (மாஜிஸ்திரேட்) அவரை மாவட்ட சிவில் சர்ஜனிடம் அனுப்ப வேண்டும், அவர் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அவர்கள் தந்த கருத்தில் எதிரிக்குக் குறை இருந்தால் மருத்துவக் குழுவிடம் முறையிடலாம். அந்தக் குழுவில் அருகிலுள்ள அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் தலைவரும், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியர் ஒருவரும் இருப்பார்கள். ஆக, முறையீட்டு நிலையில்கூடத் தடயவியல் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் சிறையில் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய கருத்தைத் தருகிறவருக்கு, அந்தக் கருத்தை உருவாக்கும் முறையில் தனிப் பயிற்சி இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 84ஆம் பிரிவு வாதத்தை எடுக்கும் வழக்கில் மருத்துவர் கூண்டில் ஏறியதும் அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "எதிரியை நீங்கள் முதன்முதலாகப் பார்த்தது எப்போது?" என்பதாகத்தான் இருக்கும். சம்பவம் நடந்து எட்டு மாதம் கழித்துப் பார்த்திருப்பார். "அப்படியானால் சம்பவத்தன்று அவர் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது, சரிதானே?" என்பது அடுத்த கேள்வி. பயிற்சி இல்லாதவர் "தெரியாது" என்று சொல்லி இறங்கிவிடுவார். பின்னோக்கிய மதிப்பீடு என்பதே ஒரு முறையான வேலை. சம்பவத்துக்கு முந்தைய மருத்துவக் குறிப்புகள், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், சம்பவத்துக்குப் பின் எதிரி ஓடினாரா, ஆயுதத்தை ஒளித்தாரா, உடலருகிலேயே உட்கார்ந்திருந்தாரா என்பவற்றைச் சேர்த்துப் படித்து அன்றைய மனநிலையைப் பற்றிக் காரணத்தோடு கருத்துச் சொல்ல முடியும். 1964லேயே தாஹ்யாபாய் வழக்கில் உச்சநீதிமன்றம், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் இருந்த சூழ்நிலைகளிலிருந்து அந்த நேரத்து மனநிலையை அறியலாம் என்று சொல்லியிருக்கிறது. எதிரி தம் சித்தசுவாதீனமின்மையை முழுமையாக நிரூபிக்காவிட்டாலும், அவர் தரும் சான்று குற்றமனம் (குற்றம் செய்யும் எண்ணம்) பற்றி நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பலன் அவருக்கே என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. இதைத் தெரிந்த மருத்துவர் கூண்டில் நிற்பதற்கும் தெரியாதவர் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நேரில் பார்த்தவர்கள் தனிப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

மரண தண்டனை வழக்குகளில் தேவை இன்னும் கூடியிருக்கிறது. 2014இல் சத்ருகன் சவுகான் வழக்கில் மனநோயைத் தண்டனைக் குறைப்புக்கான காரணங்களில் ஒன்றாக ஏற்ற உச்சநீதிமன்றம், 2022இல் மனோஜ் வழக்கில், தண்டனை விதிக்கும் கட்டத்திலேயே எதிரியைப் பற்றிய உளவியல், மனநல மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்று சொன்னது. அந்த மதிப்பீட்டைத் தரமாகச் செய்யக்கூடியவர்கள் எத்தனை மாவட்டங்களில் இருக்கிறார்கள்?

கொன்றை

அமெரிக்காவில் மனநல மருத்துவத்தில் ரெசிடென்சி (சிறப்புத் துறைப் பயிற்சி) முடித்து, அதன்மேல் தடயவியலில் ஓராண்டு ஃபெல்லோஷிப் (உயர்நிலைப் பயிற்சி) முடித்தவள் நான். வடகரை அவர்கள் சொன்ன பாதைக்கு நேர்மாறாக இங்கே நடந்தது என்பதால் இதையும் சேர்த்துப் படித்தால் பொருநைக்குப் பயன்படும்.

இங்கே இந்தத் துறை வார்டிலிருந்து வளரவில்லை, சாட்சிக் கூண்டிலிருந்து வளர்ந்தது. 1969இல் சட்டத்துறையில் ஈடுபாடுள்ள மனநல மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1976இல் தகுதியைச் சோதித்துச் சான்று வழங்கத் தாங்களே ஒரு வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். 1992இல்தான் அமெரிக்க மருத்துவச் சிறப்புத் துறைகளின் வாரியம் இதை மனநல மருத்துவத்தின் உட்சிறப்புத் துறையாக ஏற்றது. மனநலம் மற்றும் நரம்பியல் வாரியம் 1994இல் முதல் தேர்வை நடத்தியது, 1997 முதல் ஃபெல்லோஷிப்புகளுக்கு முறையான தரச்சான்று வழங்கப்பட்டது. ஆரம்பத்தில் அனுபவம் உள்ளவர்கள் ஃபெல்லோஷிப் முடிக்காமலே தேர்வெழுத அனுமதிக்கப்பட்டார்கள், பின்னர் அந்த வழி மூடப்பட்டது. கனடா 2009இல் உட்சிறப்புத் துறையாக ஏற்றது.

இந்த அங்கீகாரத்துக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள 1980களின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். அதிபர் ரீகனைச் சுட்ட ஹிங்க்லி 1982இல் மனநோய் காரணமாகக் குற்றவாளியல்ல என்று விடுவிக்கப்பட்டபோது, இரு தரப்பும் அழைத்துவந்த மனநல மருத்துவர்கள் நேரெதிராகச் சாட்சி சொன்னதை நாடே பார்த்தது. கூலிக்குச் சாட்சி சொல்கிறவர்கள் என்ற பழி துறை முழுவதன் மீதும் விழுந்தது. அதே ஆண்டில் ஹார்வர்டு பேராசிரியர் ஆலன் ஸ்டோன், தடயவியல் மனநல மருத்துவர்களின் கூட்டத்திலேயே எழுந்து, நீதிமன்றத்துக்குள் நுழைந்த மருத்துவருக்கு மருத்துவ அறம் பொருந்தாது, வேறு தெளிவான அறமும் அவரிடம் இல்லை என்று வாதிட்டார். அந்தக் குற்றச்சாட்டு துறையை உலுக்கியது. பால் ஆப்பெல்பாம் 1997இல் அதற்கு விடையாக முன்வைத்தது இன்றும் ஒவ்வொரு ஃபெல்லோவுக்கும் கற்பிக்கப்படுகிறது. இந்த வேலையில் இருப்பவரின் முதல் கடமை நோயாளியின் நலன் அல்ல, உண்மையைச் சொல்வது. அந்த உண்மையைத் தேடும்போது எதிரே இருப்பவரை மனிதராக மதித்து நடப்பது இரண்டாவது கடமை. பொருநையின் உறுத்தலுக்கு எனக்குத் தெரிந்த மிக நேர்மையான விடை இதுதான்.

மதிப்பது என்றால் நடைமுறையில் என்ன என்பதை எஸ்டெல் எதிர் ஸ்மித் வழக்கு காட்டுகிறது. டெக்சாஸில் ஓர் எதிரி விசாரணையை எதிர்கொள்ளும் தகுதியோடு இருக்கிறாரா என்று பார்க்க நீதிபதி ஒரு மனநல மருத்துவரை அனுப்பினார். அவர் சிறையில் ஏறத்தாழ 90 நிமிடம் பேசினார். பின்னர் அதே பேச்சை வைத்து, இவர் எதிர்காலத்திலும் ஆபத்தானவர் என்று தண்டனைக் கட்டத்தில் சாட்சி சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. தாம் சொல்வது தமக்கு எதிராகப் பயன்படும் என்று எதிரிக்கு யாரும் சொல்லவில்லை, அவருடைய வழக்கறிஞருக்கும் இப்படி ஒரு நோக்கம் இருப்பது தெரியாது. 1981இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையைச் செல்லாததாக்கியது. அதனால் எங்கள் பயிற்சியில் முதலில் பழகுவது நேர்காணலின் தொடக்கத்தில் சொல்ல வேண்டிய அறிவிப்பு. "நான் மருத்துவர்தான், ஆனால் உங்களுக்குச் சிகிச்சை தர வரவில்லை. நீங்கள் சொல்வதை நான் இரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்று எளிய மொழியில் சொல்லி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்டு, அவர் சொன்ன சொற்களையே அறிக்கையில் எழுத வேண்டும். பாதிப் பேச்சில் அவர் உருகிப்போய்த் தம்மை மறந்து பேசத் தொடங்கினால், பேச்சை நிறுத்தி அந்த அறிவிப்பை மீண்டும் நினைவூட்ட வேண்டும். பொது மனநலத்தில் நாம் பெருமையோடு கற்ற பரிவான கேட்டல், இந்த இடத்தில் எதிரே இருப்பவரைக் காயப்படுத்தும் ஆயுதமாக மாறக்கூடும் என்பதை அந்த ஓராண்டில்தான் உணர்ந்தேன்.

சாட்சிக்கூண்டு அவர்கள் குறிப்பிட்ட தகுதி மதிப்பீட்டில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் இன்னொரு தீர்ப்பு 1972இன் ஜாக்சன் எதிர் இண்டியானா. காது கேளாத, வாய் பேசாத, அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் மொத்தம் ஒன்பது டாலர் மதிப்புள்ள பொருள்களைப் பறித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, விசாரணைக்குத் தகுதியற்றவர் என்பதால் காலவரையின்றி அடைக்கப்பட்டார். தகுதி திரும்ப வாய்ப்பில்லாதவரை அந்த ஒரே காரணத்தால் முடிவின்றி வைத்திருக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1967லேயே தேறிவிட்டதாக மருத்துவமனை தெரிவித்த பிறகும் விசாரணையே இல்லாமல் 2005 வரை அடைபட்டுக் கிடந்ததை நம்மில் பலர் செய்தியில் படித்திருப்போம். அந்த மருத்துவக் கடிதத்தைப் பின்தொடர்வதைத் தன் வேலையாகக் கருதும் ஒருவர் எங்குமே இல்லாமல் போனது அவருடைய வாழ்க்கையைத் தின்றது.

மாவட்டத் தலைமை

தம்பி பொருநை, நான் அரசுப் பணியில் பல மாவட்டங்களில் மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதிய மூவரும் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தனி அங்கீகாரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியதிலிருந்து அதன் நிலையைக் கண்ணால் கண்டவன் நான். ஒரு மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவர் நிலையாக இருந்தாலே பெரிய விஷயம் என்ற காலத்தில் வேலை செய்தோம். அந்த ஒருவர்தான் முகாமுக்கும் போவார், சிறைக்கும் போவார், சம்மன் வந்தால் நீதிமன்றத்துக்கும் போவார். இதை உட்சிறப்புத் துறை என்று பிரித்துவிட்டால், "இது என் துறை அல்ல, பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள்" என்று எழுதிக் கொடுக்க எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். பயிற்சி பெற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். கைதியோ காவலர் வழிக்காவல் கிடைக்கும் நாளுக்காகக் காத்துக் கிடப்பார். ஒவ்வொரு வாய்தாவும் அவருக்குச் சிறையில் இன்னொரு பதினைந்து நாள். நாம் யாருக்காகத் தரத்தை உயர்த்த நினைக்கிறோமோ அவரே அதற்கு விலை கொடுப்பார்.

பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் எம்.டி. முடித்தவர்களுக்கு ஓராண்டு ஃபெல்லோஷிப் நடத்துகிறார்கள், அது அருமையான வேலை. அப்படிப் பயின்றவர்கள் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அவர்கள் வேலை மற்றவர்களுக்குக் கற்றுத் தருவதாக இருக்க வேண்டும். எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் மூத்தவரோடு சிறைக்குப் போய், அவரோடு அமர்வு நீதிமன்றத்தில் உட்கார்ந்து, மேற்பார்வையில் சில அறிக்கைகளாவது எழுதிய பிறகே தேர்வுக்கு அனுப்பப்பட வேண்டும். அது நடந்தால் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற நிலையிலும் தரம் உயரும். வடகரை சொன்ன பென்சில் குறிப்புக்குப் பட்டம் தேவையில்லை, நேரமும் பொறுமையும் உள்ள மூத்தவர் தேவை.

கொன்றை

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது, அதற்கு இங்கே கண்ட அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். உட்சிறப்புத் துறை என்று ஏற்றபிறகும் அமெரிக்காவில் பொது மனநல மருத்துவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்குத் தடை ஏதும் வரவில்லை. யார் நிபுணர் என்பதை நீதிபதிதான் முடிவு செய்கிறார், சான்றிதழ் அந்தக் கருத்தின் மதிப்பை எடைபோட உதவும் ஒரு தகவல், அவ்வளவே. வெகு காலமாகத் தனிச் சான்றிதழ் இல்லாதவர்களும் தகுதி மதிப்பீடுகளைச் செய்து வருகிறார்கள். அங்கீகாரம் உண்மையில் மாற்றியது பல்கலைக்கழகங்களைத்தான். தரச்சான்று பெற்ற பயிற்சி இடத்தை நடத்த வேண்டுமானால் ஆசிரியர்கள் வேண்டும், அவர்களுக்குப் பணியிடமும் ஊதியமும் வேண்டும் என்று கேட்க ஒரு சட்டப்படியான பிடி கிடைத்தது. கல்லூரிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறீர்களே, அந்தப் பணியிடத்தை அரசாணையில் கேட்கும்போது "எந்தத் துறையின் பணியிடம்?" என்ற கேள்வி வருமே, அதற்கு விடையாகத்தான் நான் அங்கீகாரத்தை வேண்டுகிறேன்.

பொருநை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எம்.டி. முடித்ததும் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். அதுவரை செய்யக்கூடியது என்ன என்று சாட்சிக்கூண்டு அவர்களிடம் ஒரு சந்தேகம். எங்கள் துறையில் நீதிமன்றங்களுக்கு அனுப்ப ஒரு பொதுவான படிவம் தயாரித்து, எந்தப் பிரிவின் கீழ் கருத்து தேவை, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், பழைய மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றின் நகல் தேவை என்று கேட்கலாமா? அப்படிக் கேட்பது நீதிமன்றத்துக்கு நிபந்தனை விதிப்பதாக ஆகிவிடுமா?

சாட்சிக்கூண்டு

தாராளமாகக் கேட்கலாம், டாக்டர். நிபந்தனை என்ற தொனி வராமல் "முழுமையான கருத்தை அளிக்க ஏதுவாக" என்று தொடங்கி எழுதுங்கள். உங்கள் துறைத் தலைவர் கையொப்பத்தோடு மாவட்ட முதன்மை நீதிபதிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அந்தப் படிவத்தைச் சார்நிலை நீதிமன்றங்களுக்குச் சுற்றுக்கு விடும்படி கோரினால், ஒவ்வொரு நடுவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்காது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாத எதிரிகளுக்காக அவர்கள் நியமிக்கும் வழக்கறிஞர்கள்தான் பெரும்பாலும் இந்த வழக்குகளில் ஆஜராகிறார்கள். பழைய மருத்துவச் சீட்டுகளை எதிரியின் குடும்பத்தாரிடமிருந்து வாங்கித் தர வேண்டியவர்களும் அவர்களே. அந்தச் சீட்டுகள் வீட்டுப் பெட்டியில் இருந்து, அறிக்கையில் இடம்பெறாமல் போன வழக்குகள் ஏராளம். படிவத்தில் அந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.